குறித்த விலையும் கிடைக்காத கடிகாரமும்

கடையின் கண்ணாடிப் பேழைக்குள் பொருள் இருக்கிறது. அதன் விலை இன்னதென்று அதனை ஆக்கியோர் உலகறிய வெளியிட்டிருக்கின்றனர். வாங்க வந்தவன் கையில் அவ்விலைக்குரிய பணமும் இருக்கிறது. இம்மூன்றும் ஒருங்கே கூடியிருந்தும் வாணிகம் நிகழாதாயின் அதனை என்னென்பது? ஜெனீவா, லண்டன், நியூயார்க், டோக்கியோ முதலிய மாநகரங்களில் ரோலெக்ஸ் கைக்கடிகாரம் விற்கும் கடைகளில் இது புதுமையன்று. பேழையிலுள்ள கடிகாரத்தின் அருகே 'காட்சிக்கு மட்டும்' என்று ஒரு சிறு பலகை வைத்திருப்பர். கடைக்காரர் இன்முகத்தோடு வரவேற்று, இருக்கை தந்து, குளிர்ந்த நீரும் தந்து, "இப்போது இல்லை" என்பர். "எப்போது வரும்?" எனின், "சொல்வதற்கில்லை" என்பர். "பணத்தை முன்னரே கட்டிவிடட்டுமா?" எனின், "அவ்வழக்கம் இல்லை" என்பர். வாங்க வந்தவன் தன் பெயரையும் முகவரியையும் எழுதி வைத்துவிட்டு வந்த வழியே மீள்வான்.

பல்லாயிரம் டாலர் பெறும் கடிகாரத்தைப் பற்றிக் கல்லூரி மாணவன் ஒருவன் எழுதப் புகுவது தகுமோ என்று நம் ஆசிரியருள் ஒருவரேனும் புருவம் நெரிக்கக்கூடும். இதனை எழுதுவோன் கையில் இருப்பது மின்கலத்தால் ஓடும் எளிய கடிகாரமே. அதுவும் தேர்வு மண்டபத்தில் இதுகாறும் அவனை ஏமாற்றியதில்லை. ஆயினும், விலை என்பது யாது, அதனைக் கொடுக்க முன்வந்தவனுக்குப் பொருளின்மேல் என்ன உரிமை உண்டு என்னும் வினா செல்வர்க்கு மட்டும் உரியதன்று. அரிசிக் கடையிலும் இவ்வினா உண்டு. ஆனால் அங்கே பசி குறுக்கிட்டு நம் நெஞ்சைக் கலக்கிவிடும். கடிகாரக் கடையிலோ எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆதலின் அமைதியாக நின்று பார்க்கலாம்.

முதற்கண் பொருளின் வரலாறு. ரோலெக்ஸ் என்னும் பெயரை 1908இல் பதிவு செய்தவர் ஹான்ஸ் வில்ஸ்டார்ப் என்பார். 1926இல் நீர் புகாத கூடும், 1931இல் அணிந்தவன் கையசைவினாலேயே தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும் பொறியும் அந்நிறுவனத்தின் கடிகாரங்களில் அமைந்தன. 1945இல் அவர் தம் பெயரால் ஓர் அறநிலையம் நிறுவினார். அவர் 1960இல் மறைந்த பின்னர் நிறுவனம் முழுவதும் அவ்வறநிலையத்தின் உடைமையாயிற்று. ஆகவே ஆண்டுதோறும் இலாபம் எங்கே என்று கேட்டு நெருக்கும் பங்குதாரர் கூட்டம் அதற்கு இல்லை. இதனை நேயர் நினைவில் வைக்க வேண்டுகிறேன், பின்னர்ப் பயன்படும்.

இன்று மிகுதியும் அவாவப்படும் கடிகாரம் 1963இல் வெளிவந்த காஸ்மோகிராப் டேடோனா. மோட்டார்ப் பந்தயக்காரர் ஓட்டத்தின் கால அளவை நிறுத்தி எண்ணுதற்கும், அதிலிருந்து வேகத்தைக் கணித்தற்கும் ஏற்ப அமைந்தது. பிளாரிடா மாகாணத்துப் பந்தயக் களத்தின் பெயரையே பெற்றது. வியப்பு யாதெனின், முதல் இருபது ஆண்டுகளிற் கேட்பாரற்றுக் கிடந்தது இதுவே. நாள்தோறும் கையாற் சாவி கொடுக்கவேண்டிய கடிகாரத்தை, தானியங்கிக் கடிகாரம் பெருகிய காலத்தில், எவர் விரும்புவர்? கடைகளில் அது தூசு படிந்து கிடந்தது. 1969இல் ஜப்பான் நாட்டு ஸைக்கோ நிறுவனம் படிகக்கல் துடிப்பால் ஓடும் கடிகாரத்தை வெளியிட்டபோது, ஸ்விட்ஸர்லாந்தின் பொறிக் கடிகாரத் தொழில் முழுவதுமே ஆட்டங் கண்டது. 1988இல் தானியங்கிப் பொறியுடன் டேடோனா புதுப்பிக்கப்பட்டது; காத்திருப்போர் வரிசை அப்போது தொடங்கியது. ஒருகாலத்தில் விலைபோகாத பழைய டேடோனாவே பின்னர்ப் பெரும்பொருளாயிற்று. நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ஒன்று 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

இவ்வளவு பொருள் கொடுத்து வாங்குவோர் காலம் அறிதற்காகவா வாங்குகின்றனர்? இல்லை. இந்நிறுவனம் தன் கடிகாரம் நாளொன்றுக்கு 2 வினாடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ செய்யாது என்று உறுதி கூறுகிறது. பொறிக் கடிகாரத்துக்கு இஃது அருமையான நுட்பமே. ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் மாதத்திற்கு 60 வினாடி வரை பிசகலாம் என்றாகிறது. என் கையிலுள்ள எளிய படிகக்கல் கடிகாரமோ மாதத்திற்கு 15 வினாடிக்கு உட்பட்டே பிசகும். எனவே அவர்கள் வாங்குவது வேறொன்று: சிறு சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றி ஓடும் அழகும், பலர் விரும்பியும் பெறாததைத் தான் பெற்ற பெருமையும். முன்னதை நான் குறைகூறேன். அச்சுநூல் வந்த பின்னரும் ஏட்டுச்சுவடியைக் கையிலெடுத்தால் நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி அத்தன்மையதே. பின்னதிலேதான் எல்லாத் தொல்லையும் பிறக்கிறது.

டேடோனாவின் எஃகு வகைக்கு அமெரிக்காவில் 2023இல் குறித்த விலை 15,100 டாலர். ஆனால் உரிமை பெற்ற கடைக்கு வெளியே, ஒருமுறை வாங்கப்பட்டதை மறுமுறை விற்கும் சந்தை ஒன்று உண்டு. ஆங்கிலர் அதனைக் 'கிரே மார்க்கெட்' என்பர். அது கள்ளச்சந்தை அன்று. திருட்டுப் பொருள் விற்கும் இடமும் அன்று. தமிழில் அதனைப் புறச்சந்தை எனலாம். கடைக்குள் நடக்கும் மறைவான பேச்செல்லாம் அகம் என்று கொண்டால் பெயர் பொருந்தும். அப்புறச்சந்தையில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எஃகு டேடோனா குறித்த விலையின் இருமடங்குக்கும் மேலாக விற்றது. படேக் பிலிப் நிறுவனத்தின் நாட்டிலஸ் என்னும் கடிகாரத்தின் கதை இன்னும் விநோதமானது. 5711 என்னும் எண்ணுடைய அவ்வகையை நிறுத்திவிடப்போவதாக 2021இல் அறிவித்தனர். விடைபெறுமுன் பச்சை முகப்புடைய ஒன்றை வெளியிட்டனர். அதில் ஒன்று அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே மொனாக்கோ ஏலத்தில் 4 இலட்சத்து 16 ஆயிரம் யூரோவுக்கு விலை போயிற்று. குறித்த விலையைப் போலப் பன்மடங்கு. டிசம்பரில், டிபனி கடையின் பெயர் பொறித்து 170 மட்டுமே செய்யப்பட்ட நீலமுகப்புக் கடிகாரங்களுள் முதலாவது 65 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன் குறித்த விலை 53,000 டாலருக்கும் உட்பட்டதே. அத்தொகை அறக்கொடைக்காகச் சென்றதென்பதையும் கூறிவிட வேண்டும்.

இவ்வருமை செயற்கையாக உண்டாக்கப்பட்டதா? பலர் அங்ஙனமே ஐயுறுகின்றனர். ரோலெக்ஸ் நிறுவனம் 2021இல் அதனை மறுத்தது. அருமைப்படுத்துவது தன் உபாயம் அன்றென்றும், தரத்தைக் குறைக்காமல் வேண்டுவோர் அனைவர்க்கும் செய்துதர இயலவில்லை என்றும் விளக்கிற்று. அது தன் உற்பத்திக் கணக்கை வெளியிடுவதில்லை; ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் என்று பிறர் மதிப்பிடுவர். பத்து இலட்சம் சிறு தொகையன்று. ஆனால் அவற்றுள் டேடோனா எத்தனை என்பதை அறிந்தோர் அந்நிறுவனத்தார் மட்டுமே. ஸ்விட்ஸர்லாந்தின் பிரிபூர் மாகாணத்துப் புல் என்னும் ஊரில் பெரியதொரு புதிய தொழிற்சாலை கட்டப்போவதாக 2022இல் அறிவித்தனர். அது 2029இல் இயங்கத் தொடங்கும் என்றும், ஏறக்குறைய 2,000 பேர் அதில் வேலை பெறுவர் என்றும் கூறினர். அருமையையே விரும்புவோர் இத்துணைப் பொருளை ஆலையில் கொட்டுவரா? என் மனம் இவ்விடத்தில் நிறுவனத்தின் சொல்லை நம்பவே விழைகிறது. குற்றம் ஆலையில் இல்லை. ஆலைக்கும் வாங்குவோன் கைக்கும் இடையிலே இருக்கிறது.

அவ்விடையில் நடப்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். ஒரு கடைக்கு ஆண்டில் சில டேடோனாக்களே வருகின்றன என்று வைத்துக்கொள்க. வேண்டுவோர் பலர். கடைக்காரர் விலையைக் கூட்டி விற்றல் ஆகாது. நிறுவனம் உரிமையைப் பறித்துவிடும். ஆகவே அவர் கையில் இருப்பது விற்பனைப் பொருளன்று, பரிசு. புறச்சந்தையில் 25,000 டாலர் பெறுவதை 15,100 டாலருக்கு ஒருவனுக்குக் கொடுக்கும்போது, 9,900 டாலரை அவனுக்கு நன்கொடையாக அளிக்கிறார் என்பதே பொருள். நன்கொடை அளிப்பவர் எவர்க்கு அளிப்பர்? தமக்கு வேண்டியவர்க்கே. வேண்டியவர் யாவர்? அக்கடையில் முன்னரே பல பொருள் வாங்கியவர். 'வாங்கிய வரலாறு' என்று அதற்கொரு பெயரும் இட்டிருக்கின்றனர். மனைவிக்கு ஒரு வைர மோதிரம், மகனுக்கு எளிதிற் கிடைக்கும் வேறொரு கடிகாரம், வேண்டாத காதணி ஒரு சோடி, இவ்வாறு வாங்கி வாங்கி வரலாறு படைத்தவர்க்கு ஒருநாள் தொலைபேசி ஒலிக்கும். அவ்வொலிக்காகவே ஆண்டுக்கணக்கில் தவம் கிடப்போர் உளர். மோதிரத்திலும் காதணியிலும் கடைக்காரர் பெற்ற ஊதியத்தைக் கூட்டிப் பார்த்தால், 9,900 டாலரில் பெரும்பகுதி அவர் பெட்டிக்கே திரும்பியிருக்கும். ஏட்டில் எழுதிய விலை 15,100 தான். கொடுத்த விலை வேறு.

இதனை வெளிப்படையாகச் செய்தாலும் ஒருவாறு பொறுக்கலாம். 'மோதிரம் வாங்கினால் கடிகாரம் தருவோம்' என்று பலகையில் எழுதிவிடட்டும். விரும்புவோர் வாங்குவர், விரும்பாதார் போவர். அங்ஙனம் எழுதமாட்டார், எழுதினால் நிறுவனம் சினக்கும். ஆகவே எல்லாம் குறிப்பிலேயே நடக்கிறது. நம் அகப்பாட்டிலே தோழி குறிப்பாற் கூறுவது கற்போர்க்கு இன்பம். கடைக்காரர் குறிப்பாற் கூறுவது வாங்குவோனுக்கு இழிவு. பொருளுக்குப் பணம் கொடுக்க வந்த ஒருவன், விற்பவர் முகக்குறிப்பை நோக்கி நிற்கிறான். தன் தொழில் இன்னது, ஊதியம் இவ்வளவு என்று கேளாமலே எடுத்துரைக்கிறான். இனிப்புப் பெட்டியோடு போகிறான். தன் திருமண நாளையோ பட்டம் பெற்ற நாளையோ காரணங்காட்டி இரங்கச் செய்கிறான். வாணிகம் என்பது ஒருவரையொருவர் சார்ந்து பணியாமல் பொருளை மாற்றிக்கொள்ளுதற்கு மாந்தர் கண்ட வழி. அதன் சிறப்பே, பணம் எண்ணிக் கொடுத்தபின் எவரும் எவர்க்கும் கடப்பாடில்லை என்பது. அச்சிறப்பைக் கெடுத்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு, நன்றிக்கடனையும் தலையில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

பொருளாதாரம் பயிலும் நண்பர் ஒருவர் இதற்கு எளிய மருந்து கூறினார். "விலையை உயர்த்திவிடு, வரிசையும் இராது, இனிப்புப் பெட்டியும் இராது" என்றார். நூல்நெறிப்படி அவர் கூற்றுச் சரியே. ஆயினும் நான் அதற்கு உடம்படேன். குறித்த விலை குறைவாக இருப்பதனால்தான், பத்தாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பள்ளி ஆசிரியரோ ஆலைத் தொழிலாளரோ அக்கடைக்குள் புகத் துணிகின்றனர். இருமடங்காக்கினால் அவர்கள் வாயிலிலேயே நின்றுவிடுவர். முன்னரே பல கடிகாரம் உடையவனுக்கு இன்னுமொன்று எளிதாகும். பங்குதாரர் இல்லாத நிறுவனம் விலையைத் தாழ்வாக வைத்திருத்தல் கூடும், வைத்தும் இருக்கிறது. அது நற்செயலே. அந்நற்செயலின் பயன் எவரைச் சேர வேண்டுமோ அவரைச் சேராமல் இடையில் நின்றுவிடுகிறது என்பதே என் முறையீடு.

விலையைக் குறைவாக வைத்து முறையாகப் பங்கிடுதல் இயலாத காரியமா? இயலும். விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தை நோக்குக. அங்கும் நுழைவுச்சீட்டின் விலை அதன் சந்தை மதிப்பிற்கு மிகத் தாழ்ந்ததே. அங்கும் வேண்டுவோர் பெருந்தொகையினர். 1924 முதல் அவர்கள் குலுக்கல் முறையைக் கையாண்டு வருகின்றனர். குலுக்கலில் பெறாதவன் புல்வெளியில் இரவெல்லாம் வரிசையில் நின்று அன்றைய சீட்டைப் பெறலாம். வரிசையில் நிற்போனுக்கு எண்ணிட்ட அட்டை ஒன்று தருவர். பிரபுவாயினும் அவ்வெண்ணைத் தாண்ட இயலாது. ஜப்பானிலும் கடிகாரத்துக்கென ஒரு விதி 2019 நவம்பரில் வகுத்தனர். குறித்த சில வகைகளை வாங்குவோர் புகைப்படத்தோடு கூடிய அடையாளச் சான்று காட்டவேண்டும். ஒன்றை வாங்கியவர் ஐந்தாண்டுக்கு அதனையே மீண்டும் வாங்கலாகாது. குறித்த பிற வகைகளையும் ஓராண்டுக்கு வாங்கலாகாது. இதனால் எல்லாம் நேராயிற்று என்று சொல்ல மாட்டேன். இன்றும் அங்கே நாள்தோறும் கடை கடையாகச் சென்று கேட்டலை ஒரு 'மாரத்தான்' ஓட்டம் என்றே வேடிக்கையாக வழங்குகின்றனர். ஆயினும் கால் வலிக்க நடந்தவனுக்குக் கிடைத்தல், காதணி வாங்கியவனுக்குக் கிடைத்தலினும் நேர்மையானதே.

வாங்கிய மறுநாளே புறச்சந்தையில் விற்போரைப் பற்றி ஒருசொல். கடைக்காரர் அவரைக் கள்வர்போலப் பழிப்பர். சில கடைகளில் உறையைக் கிழித்தும் ஒட்டுத்தாளை அகற்றியும் கொடுப்பது அவருக்கு அஞ்சியே. பணங்கொடுத்து வாங்கியதை விற்பது குற்றமென்று நான் கருதவில்லை. 'என் தந்தையின் நினைவாக அணியப்போகிறேன்' என்று கூறிப் பெற்று, மாலைக்குள் விற்றானாயின், அப்பொய் குற்றம். ஆனால் அத்தகைய பொய்யை எவர் கற்பித்தார்? கதை சொன்னால்தான் பொருள் தருவேன் என்னும் கடை, பொய்க்கதை வரும்போது வியக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச்சில் ஸ்வாச் நிறுவனம் ஒமேகாவின் பெயர்பெற்ற கடிகாரத்தின் வடிவில் ஏறக்குறைய 260 டாலருக்கு ஓர் எளிய கடிகாரம் வெளியிட்டது. கூட்டம் தாங்காமல் பல நகரங்களில் கடையையே மூடினர். அன்றே அவை பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனையாயின. அது குறைந்த தொகையே செய்யப்பட்ட பொருளன்று என்று நிறுவனம் தெளிவுபடுத்திப் பின்னரும் தொடர்ந்து செய்தமையால், கொஞ்ச காலத்தில் அவ்வேறுபாடு கரைந்துபோயிற்று. மறுவிற்பனைக்காரனை ஒழிப்பதற்கு வசைச்சொல்லினும் பொருட்பெருக்கமே வலிது.

ரோலெக்ஸ் நிறுவனமும் புறச்சந்தையை வாளா விட்டுவிடவில்லை. 2022 டிசம்பரில், பழைய கடிகாரங்களைச் சோதித்துத் தன் முத்திரையோடு உரிமை பெற்ற கடைகளிலேயே விற்கும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, பூகெரர் என்னும் பெருங்கடை நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் ஒருபுறம் புதிய டேடோனா, விலை குறித்தது, ஆனால் கிடைக்காது. மறுபுறம் ஒருவர் அணிந்து கழித்த டேடோனா, புதியதன் விலைக்கும் மேற்பட்ட விலையில், உடனே கிடைக்கும். புதியது மலிவு, பழையது அருமை! இவ்வேற்பாட்டில் ஒரு நேர்மை உண்டு என்பதையும் மறைக்கலாகாது: பழையதன் பலகையில் எழுதிய விலையே கொடுக்கும் விலை, அதற்கு எவர் முகத்தையும் நோக்க வேண்டியதில்லை.

நம் பழைய மாணவருள் மேனாடுகளில் பொருளீட்டுவோர் சிலர் இத்தகைய கடிகாரத்தை விழையக்கூடும். அவர்க்கு ஒரு மாணவன் கூறத்தக்கது சிறிதே. உரிமை பெற்ற கடைக்கு நேரே செல்லுங்கள். வேண்டும் வகையை இன்னதென்று ஒன்றாகவே கூறுங்கள். பத்தைக் கேட்பவனை வணிகனென்று ஐயுறுவர். பட்டியலுக்கு முன்பணம் கேட்டால் கொடாதீர்கள். 'வேறெதையும் வாங்காமல் இதனைப் பெற இயலுமா?' என்று நேரே வினவுங்கள்; விடை மழுப்பலாயின் அதுவே விடை. பெருநகரக் கடையினும், ஒரே குடும்பத்தார் பல தலைமுறையாக நடத்தும் சிற்றூர்க் கடையில் வரிசைக்குச் சற்று மதிப்புண்டு என்று வாங்கியோர் பலர் கூறுவர். வேண்டாத மோதிரத்தை வாங்க மனம் இசைந்துவிட்டால், அம்மோதிரத்தின் விலையையும் கடிகாரத்தின் விலையோடு கூட்டி எழுதிப் பாருங்கள். புறச்சந்தையில் ஒருவனுக்கும் கடமைப்படாமல் வாங்குவது அதனினும் மலிவாக இருக்கலாம். பந்தயத்தின் கால அளவை எண்ணும் பொறிதான் வேண்டுமெனின், 1988 முதல் டேடோனாவுக்கே பொறி அளித்த ஸெனித் நிறுவனத்தின் சொந்தக் கடிகாரம் இருக்கிறது. அதற்கு வரிசையும் இல்லை, வரலாறும் வேண்டா. கடையில் இருந்தால் விலையைக் கொடுத்து அன்றே கையில் கட்டிக்கொண்டு வெளியே வரலாம்.